வெள்ளச்சி போர்வையும் உருமன் சுண்டுவிரலும்

மேகத்துக்கு வேலி போடாத காலம் அது. நெனச்ச நேரத்துக்கு ஊருக்குள்ள இறங்கும். அடுப்பங்கரை வரைக்கும் வந்து, என்ன கொழம்புன்னு எட்டிப் பாத்துட்டுப் போகும். அந்தக் காலத்துல வாடைமலைன்னு ஒரு ராச்சியம். அதை ஆண்டாரு ஒரு ராசா.

ராசான்னதும் சிங்கத்தைப் பிடிச்சுக் காதைத் திருகுனவருன்னு நெனச்சுக்காதீங்க. இவரு குளிருக்குப் பயந்த ராசா. கார்த்திகை பொறந்தா மூக்கு ஒழுகும், தை போனாத்தான் நிக்கும். எந்த உத்தரவு போட்டாலும் மூணு தும்மல் தும்மிட்டுத்தான் போடுவாரு. மொதத் தும்மலுக்கு மந்திரி எந்திரிப்பாரு. ரெண்டாம் தும்மலுக்குச் சேவகன் முரசைத் தூக்குவான். மூணாம் தும்மல் விழுந்தா உத்தரவும் விழுந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் அதை யாராலயும் மாத்த முடியாது. ராசாவாலயே முடியாது.

அந்த ஊருல ஊசித்தெருன்னு ஒரு தெரு. ஏழு வீடு, ஏழு பொம்பளைங்க, ஏழு பேருக்கும் ஒரே வேலை. போர்வை தைக்கிறது. பழைய சேலையா வாங்கி, வெளுத்துக் காயவச்சு, ஒண்ணுமேல ஒண்ணா ஏழு அடுக்கு அடுக்கி, ஓரத்துல இருந்து நடுவுக்கும் நடுவுல இருந்து ஓரத்துக்கும் தையல் போட்டுக்கிட்டே வருவாங்க. ஒரு தையல் ஒரு அரிசி நீளம். அதுக்கு மேல போனா ஊசித்தெருவுல அதுக்குப் பேரு தையல் இல்ல, தாண்டல். அந்தப் போர்வையைப் போத்திக்கிட்டா, குளிரு வெளிய நின்னு கதவைத் தட்டிப் பாத்துட்டு, வீட்டுல ஆளு இல்லன்னு திரும்பிப் போயிரும்.

ஏழு பேருல கைகாரி வெள்ளச்சி. ஊசியை எடுத்தா துணிக்கே தெரியாம தைப்பா. அவ புருசன் உருமன். காட்டுல விறகு வெட்டுறவன். பனைமரத்தைக் கட்டிப் பிடிச்சா மரம்தான் மூச்சுத் திணறும், அப்பேர்ப்பட்ட உடம்பு. மீசை இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்குப் போயி, அங்கன திரும்ப எடம் இல்லாம நிக்கும். தைக்கிறது வெள்ளச்சி, சந்தைக்குக் கொண்டுபோயி விக்கிறது உருமன். அவனுக்கு என்ன வெலை படியுதோ அதுதான் மத்த ஆறு வீட்டுக்கும்.

இப்ப அந்தச் சந்தை வழக்கத்தைச் சொல்லணும். அங்கதான் இருக்கு சங்கதி.

வாடைமலைச் சந்தையில வெலையை வாயால சொல்லக்கூடாது. சொன்னா கண்ணு பட்டுரும்னு எந்தக் காலத்துலயோ எவனோ சொல்லி வச்சுட்டான். அதனால எல்லாமே துண்டுக்கு அடியில. விக்கிறவன் கையைத் தரகன் பிடிப்பான், மேல ஒரு துண்டைப் போட்டு மூடிருவான். கட்டைவிரலைப் பிடிச்சா ஒரு பணம். அடுத்த விரலையும் சேத்தா ரெண்டு. அப்பிடியே ஒவ்வொரு விரலா, ஒரு கை முடிஞ்சா மறு கைக்கு ஏறிக்கிட்டே போவான். இந்த வெலை போதும்னு எங்க தோணுதோ அங்க கையை வெளிய இழுத்துக்கணும். கடைசியா எந்த விரல் பிடிபட்டுச்சோ அதுதான் வெலை. அப்புறம் தரகன் வாங்குறவன்கிட்டப் போவான். அங்கயும் அதே துண்டு, அதே விரலு. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, துண்டுக்குத் தெரியும். துண்டு பேசாது.

போர்வைக்குத் தரகன் சாத்தப்பன். அரண்மனைக்கும் அவன்தான் போர்வை வாங்கிக் குடுப்பான். நல்ல வழுவழுன்னு பேச்சு. அவன் துண்டுதான் ஊருலயே பெரிய துண்டு. விரிச்சா ரெண்டு கையோட ஒரு ஆட்டுக்குட்டியையும் உள்ள வச்சு மூடலாம்.

ஒரு தடவை வெள்ளச்சி செவப்புப் போர்வை ஒண்ணு தைச்சா. நாப்பது நாளு வேலை. உருமன் கொண்டுபோயி வித்துட்டு வந்தான். நாலு பணம்.

அடுத்து நீலப் போர்வை. அம்பது நாளு. நாலு ஓரத்துலயும் யானை. யானைன்னா சும்மா இல்ல, ஒவ்வொண்ணும் தும்பிக்கையில முன்னால போற யானையோட வாலைப் பிடிச்சிருக்கும். உருமன் கொண்டுபோயி வித்துட்டு வந்தான். நாலு பணம்.

மூணாவது தடவை அவளுக்குக் காய்ச்சல். பத்து நாளுல ஏதோ ஒப்பேத்தி ஒரு போர்வையைத் தைச்சா. அரிசித் தையல் இல்ல, அவல் தையல். யானை போட நெனச்சு எலியா முடிஞ்சிருச்சு. உருமன் கொண்டுபோயி வித்துட்டு வந்தான். அதுவும் நாலு பணம்.

அன்னைக்கு வெள்ளச்சிக்கு மண்டை குடைய ஆரம்பிச்சிருச்சு. யானை போட்டாலும் நாலு, எலி போட்டாலும் நாலு. அதென்ன நாலு?

உருமன்கிட்டக் கேட்டா. அவன் மீசையைத் தடவிக்கிட்டே, சந்தையில அப்பிடித்தான் போகுதுன்னான். முகத்தைப் பாத்துச் சொல்லல, கூரையைப் பாத்துச் சொன்னான்.

இப்பிடி இருக்கும்போது ஒரு நாளு அரண்மனையில இருந்து முரசு வந்துச்சு.

மலைக்கணவாய்ல காவல் நிக்கிற ஆளுங்களுக்குக் குளிரு தாங்கல. வேல்கம்பைப் பிடிச்சா கை நடுக்கத்துல கம்பே ஆடுது, எதிரி வந்து பாத்தா ஏதோ கூத்து நடக்குதுன்னு உக்காந்துருவான் போலருக்கு. அதனால ராசா அறுபது போர்வை வாங்கப் போறாரு. வர்ற சந்தையன்னைக்கு அவரே நேருல வர்றாரு. அன்னைக்கு மொதப் போர்வைக்கு என்ன வெலை படியுதோ, அதுதான் மத்த அம்பத்தொம்பதுக்கும். கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது.

ஊசித்தெருவே ஓடி வந்துருச்சு வெள்ளச்சி வீட்டுக்கு. மொதப் போர்வை உன்னோடதுதான் போகணும்னு ஆறு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க. சொன்னதுல சந்தோசமும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு. வழக்கம்போல நாலு பணத்துக்குப் படிஞ்சுதுன்னா அறுபதும் நாலு பணம். தெருவே வருசம் பூராத் தைக்கணும், தைச்சு முடிக்கும்போது உலை வைக்க அரிசி இருக்காது. ஏரிக்கரையில கல்லு சுமக்கத்தான் போகணும். கல்லு சுமந்த கை காய்ச்சுப் போச்சுன்னா அப்புறம் ஊசி நிக்காது. அன்னையோட ஊசித்தெரு முடிஞ்சுது.

அடுத்த வீட்டு நாச்சக்கா இருக்காளே, அவளுக்கு ஆசை கொஞ்சம் நீளம். "அடியே, வாங்குறது ராசாடி. நாப்பது பணம் கேளு. கிரீடத்துல இருந்து ஒரு கல்லைப் பேத்தாக் கூட நம்ம தெருவுக்கே தாங்கும்"னா.

கடைசி வீட்டுக் கருத்தாயி பயந்தவ. ராசாகிட்டப் போயி காசு கேக்குறதா, இனாமாக் குடுத்துட்டா பேராவது நிக்கும்னா.

உருமன் மட்டும் மெதுவா, நாலே நல்ல வெலைதான்னான். மறுபடியும் கூரையைப் பாத்துக்கிட்டுச் சொன்னான்.

நாப்பதும் சரியாப் படல. இனாமும் சரியாப் படல. நாலு சுத்தமாச் சரியாப் படல. வெள்ளச்சி முறத்துல மொச்சைக்கொட்டையைக் கொட்டி உக்காந்துட்டா. ஒரு போர்வை தைக்கிற நாப்பது நாளும் வயித்துக்கு என்ன ஆகுது? அஞ்சு கொட்டையைத் தள்ளி வச்சா. சேலைக்கும் நூலுக்கும் என்ன ஆகுது? ரெண்டு கொட்டை. ஆச்சு ஏழு. அப்பத்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏழு பணம் செலவழிச்சுத் தைச்சதை நாலு பணத்துக்கு வித்திருக்கு இந்தக் குடும்பம். மிச்ச மூணு எங்க இருந்து வந்துச்சு? உருமன் விறகு வெட்டின காசுல இருந்து. கோடாலி சம்பாதிச்சு ஊசிக்குச் சோறு போட்டிருக்கு.

இன்னும் ஒண்ணு இருக்கே. குனிஞ்ச முதுகு இருக்கு, பூத்துப்போன கண்ணு இருக்கு, ஊசி குத்திக் குத்திச் சல்லடையான விரலு இருக்கு. கைக்கு என்ன வெலை? அதை இதுவரைக்கும் யாரும் கேட்டது இல்ல. அவளே கேட்டது இல்ல. ரொம்ப நேரம் யோசிச்சு, கொஞ்சம் வெக்கப்பட்டு, ரெண்டு கொட்டையை எடுத்து வச்சா. ஆச்சு ஒம்பது.

ஒம்பது பணம். முறத்தை ஆட்டிப் பாத்தா, தட்டிப் பாத்தா, அது ஒம்பதாவேதான் இருந்துச்சு.

"ஏய்யா, இங்க வா. கையைக் குடு. நான் சாத்தப்பன், நீ நீயேதான். ஒம்பதுக்கு ஒத்திகை பாப்போம்"னு உருமனைக் கூப்பிட்டா. அவன் விறகு கட்டணும்னான், கயிறு தேடணும்னான், கடைசியா வயித்துவலின்னான். விடல. கையைப் பிடிச்சு மேல துண்டைப் போட்டா.

கட்டைவிரலைப் பிடிச்சா. உருமன் பல்லைக் கடிச்சான். ரெண்டாவது விரல். உதட்டை மடிச்சான். மூணாவது விரல். கண்ணுல தண்ணி முட்டிருச்சு. நாலாவது விரல். மீசை ரெண்டு பக்கமும் தாளம் போட ஆரம்பிச்சிருச்சு. அப்பிடியே சுண்டுவிரலுக்கு நகந்தா பாருங்க. "ஐயோ அம்மா"ன்னு கையைப் பிடுங்கிக்கிட்டுத் தரையில விழுந்து உருண்டு உருண்டு சிரிக்கிறான் அந்த மலை மாதிரி ஆம்பளை.

கூச்சம்! சுண்டுவிரல்ல கூச்சம்!

வெள்ளச்சிக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. நாலு விரலுக்கு மேல தாங்காது, அஞ்சாவதுக்கு வர்றதுக்குள்ள கை வெளிய வந்துரும், கை வெளிய வந்தா வெலை முடிஞ்சிரும். அதான் யானைக்கும் நாலு, எலிக்கும் நாலு.

"சாத்தப்பனுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா.

உருமன் தலையைத் தொங்கப் போட்டான். "மொத வருசமே தெரிஞ்சுபோச்சு புள்ள. நாலு வந்ததும் சுண்டுவிரலைப் பாத்து நகத்தை ஆட்டுவான். அவன் தொடக்கூட வேணாம், எனக்கு வந்துரும்."

எத்தனை வருசமான்னு அவ கேக்கல. கேட்டா அழுகை வரும், அழுதா ஒத்திகை கெட்டுரும். சந்தைக்கு இன்னும் மூணு நாளுதான் இருக்கு.

மொத நாளு சுண்டுவிரல்ல துணியைச் சுத்திக் கட்டிப் பாத்தா. துணியைப் பாத்ததுமே சிரிச்சான். ரெண்டாம் நாளு மொளகாயை அரைச்சு விரல்ல தடவிப் பாத்தா. மறந்துபோயி அந்தக் கையாலயே மீசையைத் தடவிட்டான், அன்னைக்குப் பூரா அழுதான், ஆனா விரலைத் தொட்டா அழுதுக்கிட்டே சிரிச்சான். மூணாம் நாளு, ஏதாச்சும் துக்கத்தை நெனச்சுக்கோய்யான்னா. செத்துப்போன மாமனாரை நெனச்சான். மாமனாரு வழுக்கி விழுந்தது ஞாபகம் வந்து அதுக்கும் சேத்துச் சிரிச்சான்.

"போதும், நீ கூட வந்தா மட்டும் போதும்"னுட்டு வெள்ளச்சி ஏற்கெனவே தைச்சு முடிச்சு வச்சிருந்த போர்வை ஒண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டா.

அன்னைக்குச் சந்தையைப் பாக்கணுமே. எள்ளு போட்டா கீழ விழாது, அம்புட்டுக் கூட்டம். ஆடு மாடெல்லாம் ராசாவைப் பாக்கக் கழுத்தை நீட்டுது. ராசா ஒரு பக்கம் மூக்கோட உக்காந்திருக்காரு, பக்கத்துல ராணி. ஊசித்தெரு ஆறு பேரும் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சந்தை மணியக்காரரு வேலாண்டி நடுவுல நிக்கிறாரு. வழக்கம் தப்பாம பாத்துக்கிறது அவரு வேலை.

சாத்தப்பன் துண்டை ஒதறினான். "வாங்க உருமண்ணே, கையைக் குடுங்க"ன்னு தேன் மாதிரிக் கூப்பிட்டான். கூப்பிடும்போதே சுண்டுவிரலைப் பாத்து நகத்தை ஒரு ஆட்டு ஆட்டினான். உருமன் அங்க நின்னபடிக்கே நெளிஞ்சான்.

வெள்ளச்சி முன்னால வந்துட்டா.

"மணியக்காரரே, சந்தை வழக்கம் என்ன? ஒருக்கச் சொல்லுங்க, கேப்போம்"னா.

வேலாண்டி தொண்டையைச் செருமிக்கிட்டுச் சொன்னாரு. கை மேல துணி மூடணும். துணிக்கு அடியில விரலு பேசணும். வாய் வெலை பேசக்கூடாது, பேசுனவங்க கடையைக் கட்டிக்கிட்டு அன்னைக்கே வெளிய போயிரணும், திரும்ப வரக்கூடாது. இந்த மூணுதான்.

"தரகரோட துண்டுதான் மூடணும்னு இருக்கா?"

இல்லன்னாரு.

"தரகரு நடுவுல நிக்கணும்னு இருக்கா?"

வேலாண்டி யோசிச்சாரு. தாடியைச் சொறிஞ்சாரு. இல்லன்னாரு.

"ஆம்பளைக் கைதான் போகணும்னு இருக்கா?"

கேக்காத கேள்வியெல்லாம் கேக்குறாளேன்னு அவரு முழிச்சாரு. ஆனா நேர்மையான ஆளு. அதுவும் இல்லன்னாரு.

"அப்ப நானே விக்கிறேன். எதிர்ல ராசா கையைப் பிடிச்சா நல்லா இருக்காது. ராணியம்மா கையைக் குடுக்கட்டும். மூடுறதுக்கு இந்தப் போர்வையே இருக்கு. வாங்குற பொருளைத் தொட்டுப் பாத்துக்கிட்டே வாங்கலாம்."

சாத்தப்பனுக்கு முகம் சுண்டிப்போச்சு. இது எந்த ஊரு நியாயம், தரகன் இல்லாம யாவாரமான்னு எகிறுனான். ஆனா அதுக்குள்ள ராணி எந்திரிச்சாச்சு. பாவம், அந்தம்மாவும் எத்தனை வருசமா அரண்மனை உப்பரிகையில இருந்து சந்தையை எட்டிப் பாத்துட்டு இருக்கு. வளையலை மேல தள்ளிக்கிட்டு ஓடாத குறையா வந்து உக்காந்துருச்சு. வர்றப்ப அந்தம்மா காதுல ராசா ஏதோ சொன்னாரு. வழக்கமா என்ன குடுக்குறதுன்னு சொல்லியிருப்பாரு.

ரெண்டு பேரு கைமேலயும் போர்வை விழுந்துச்சு.

வெள்ளச்சி உள்ள கையை விரிச்சு வச்சா. நாலுல இருந்து ஒம்பது வரைக்கும் இழுத்துக் கொண்டுவரணும். அஞ்சுக்கு எப்பிடி, ஆறுக்கு எப்பிடின்னு மனசுக்குள்ள சண்டைக்கே தயாரா இருந்தா. ராணி கையை நீட்டுனாங்க. ஒரு கை அஞ்சு விரலையும் சேத்துப் பிடிச்சாங்க. இன்னொரு கை அஞ்சு விரலையும் பிடிச்சாங்க. ஆச்சு பத்து. விட்டுட்டு, மறுபடியும் ரெண்டு விரலைப் பிடிச்சாங்க.

பன்னெண்டு!

எடுத்த எடுப்புலயே பன்னெண்டு. வெள்ளச்சிக்குக் காதுக்குள்ள மேளம் கொட்டுச்சு. அரண்மனை வழக்கமாக் குடுக்குறது பன்னெண்டு. உருமன் கைக்கு வர்றது நாலு. நடுவுல எட்டுப் பணம் சாத்தப்பன் துண்டுக்குள்ள எறங்கிக் காணாமப் போயிருக்கு.

இப்ப அவ ஒண்ணும் செய்ய வேணாம். கையை வெளிய இழுத்தாப் போதும். பன்னெண்டு படிஞ்சிரும். அறுபதுக்கும் பன்னெண்டு. நாச்சக்கா தெருவுக்கே பந்தி போடுவா. இழு, இழுன்னு மனசு குதிக்குது. கை கிட்டத்தட்ட வெளிய வந்துருச்சு, மணிக்கட்டு தெரியுது. வேலாண்டி வெலை முடிஞ்சுதுன்னு சொல்ல வாயைக்கூடத் தொறந்துட்டாரு.

அப்பத்தான் முறத்துல இருந்த மொச்சைக்கொட்டை ஞாபகம் வந்துச்சு. அஞ்சு வயித்துக்கு, ரெண்டு துணிக்கு, ரெண்டு கைக்கு. மிச்சம் மூணு எதுக்கு? அது சாத்தப்பன் வழக்கமா விழுங்குன எட்டுல இருந்து வர்ற மூணு. அவன் தைக்காமத் தின்னான். நானும் தைக்காத தையலுக்குத் தின்னா, அவனுக்கும் எனக்கும் துண்டு மட்டும்தான வித்தியாசம்?

மணிக்கட்டு மறுபடியும் உள்ள போச்சு. வெள்ளச்சி ராணியோட கையைத் தேடிப் பிடிச்சு, ஒம்பது விரலை மட்டும் பிடிச்சா.

ராணிக்குப் புரியல. பன்னெண்டு பிடிச்சாங்க. வெள்ளச்சி ஒம்பது பிடிச்சா. மறுபடியும் பன்னெண்டு. மறுபடியும் ஒம்பது. மூணாந்தடவை பன்னெண்டை அழுத்திப் பிடிச்சாங்க. வெள்ளச்சி ஒம்பதை அதைவிட அழுத்திப் பிடிச்சா. போர்வைக்குள்ள ரெண்டு பூனை சண்டை போடுற மாதிரி கெடந்து புரளுது.

உலகத்துல விக்கிறவ வெலையைக் குறைச்சா வாங்குறவங்களுக்கு என்ன தோணும்? சந்தோசமா? சந்தேகம்தான். ராணி சட்டுன்னு கையை உதறி எடுத்துட்டு, இவ கீழயே எறங்குறா, இதுல ஏதோ பழுது இருக்குன்னு ராசாகிட்டச் சொல்லிட்டாங்க.

சாத்தப்பன் விடுவானா? "பாத்தீங்களா மகாராசா. இத்துப்போன சேலை. ரெண்டு மழை தாங்காது. பக்கத்து நாட்டுல நல்ல கம்பளி கெடைக்கும், நானே போயி வாங்கிட்டு வர்றேன்"னான்.

ராசா மூக்கு துடிச்சுச்சு. அச்சூ. மந்திரி எந்திரிச்சாரு.

ஊசித்தெரு ஆறு பேரும் வெளிறிப் போனாங்க. இன்னும் ரெண்டு தும்மல். அப்புறம் கம்பளிதான், கல்லுதான், ஏரிக்கரைதான்.

அச்சூ. சேவகன் முரசைத் தூக்குனான்.

ராசா மூக்கு மூணாவதுக்கு விரியுது. வெள்ளச்சிக்குத் தெரியும், வாயைத் தொறந்தா சந்தையை விட்டு வெளிய. தொறக்கலைன்னா தெருவே வெளிய. தொறந்துட்டா.

"ஒம்பது பணம்! நான் கேட்டது ஒம்பது பணம்!"

வாடைமலைச் சந்தையில மொதத் தடவையா ஒரு வெலை காத்துல போச்சு. ஒரு கெழவரு பொத்துன்னு உக்காந்துட்டாரு. ரெண்டு பேரு காதைப் பொத்திக்கிட்டாங்க. வேலாண்டி கம்பைத் தூக்கிக்கிட்டு, வெளிய போம்மான்னு வந்துட்டாரு. ராசாவோட மூணாம் தும்மல் மூக்கு நுனியில வந்து நிக்குது. ராணி ஒரே எட்டா எட்டி ராசா மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "நீ சொல்லும்மா. சீக்கிரம் சொல்லு, ரொம்ப நேரம் தாங்காது"ன்னாங்க.

வெள்ளச்சி மூச்சு விடாமச் சொன்னா. "அஞ்சு என் வயித்துக்கு. ரெண்டு துணிக்கும் நூலுக்கும். ரெண்டு என் கைக்கு. பழுதுன்னு குறைக்கல தாயி. நீங்க குடுத்த பன்னெண்டுல மூணுக்கு என்கிட்டக் கணக்கு இல்ல, அதான் திருப்பிக் குடுத்தேன். போர்வையை இழுத்துப் பாருங்க, கிழிஞ்சா என்னைக் கிழிங்க."

ராணிக்கு ஒரு கைதான் சும்மா இருக்கு. அதால ஒரு முனையைப் பிடிச்சாங்க, உருமனை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாங்க. பனைமரத்தை மூச்சுத் திணற வச்சவன் இழுத்தான். ராணிதான் நாலடி முன்னால வந்தாங்க, மூக்கோட சேந்து ராசாவும் வந்தாரு. போர்வையில ஒரு நூலு அசையல.

"நல்ல பொருளுதான். ஆனா நாங்க எப்பவும் பன்னெண்டுதான குடுக்குறோம்?"னாங்க ராணி.

உருமன் மெதுவாக் கையைத் தூக்குனான். "எனக்கு எப்பவும் நாலுதான் தாயி வரும்"னான்.

சந்தை பூராச் சாத்தப்பனைத் திரும்பிப் பாத்துச்சு. அவன் துண்டைப் பாத்தான். துண்டு அன்னைக்கும் ஒண்ணும் பேசல.

ராணி மூக்கை விட்டாங்க. அச்சூன்னு ஒண்ணு விழுந்துச்சு பாருங்க, பந்தல்காலு ஆடிப்போச்சு. ராசா மூக்கைத் துடைச்சுக்கிட்டு உத்தரவு போட்டாரு. ஊசித்தெரு தைக்கிற போர்வை ஒவ்வொண்ணும் ஒம்பது பணம். இன்னையில இருந்து போர்வைக்குத் துண்டு கிடையாது, வாய்தான். வெள்ளச்சி சந்தையை விட்டுப் போக வேணாம். சாத்தப்பன் வாங்கித் தின்னதை ஊசித்தெருவுக்குத் திருப்பணும். அதோட, அறுபதுல ஒரு போர்வையை அவனே தன் கையால தைச்சு, இதே சந்தையில நின்னு அதோட வெலையை வாயால சொல்லணும்.

ஊசித்தெரு அந்த ஒரு வருசத்துல அம்பத்தொம்பதையும் தைச்சு முடிச்சுக் கணவாய்க்கு அனுப்பிருச்சு. காவக்காரங்க நடுக்கம் நின்னு நேரா நின்னாங்க. சாத்தப்பன் மட்டும் தைக்கிறான், தைக்கிறான், தைச்சுக்கிட்டே இருக்கான். மார்கழி போச்சு, மாசி போச்சு. பங்குனி வெயில்ல பத்து விரலுலயும் கட்டுப் போட்டுக்கிட்டு ஒரு போர்வையைத் தூக்கிட்டு சந்தைக்கு வந்தான்.

"வெலை சொல்லுப்பா"ன்னாரு வேலாண்டி.

சாத்தப்பன் தன் விரலைப் பாத்தான், போர்வையைப் பாத்தான், கண்ணு கலங்கிருச்சு. "ஐநூறு பணம்"னான்.

சந்தையே சிரிச்சுச்சு. உருமன் யாரும் விரலைத் தொடாமயே சிரிச்சான். வெள்ளச்சி மட்டும் சிரிக்கல. போர்வையை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. தையல் ஒவ்வொண்ணும் ஒரு விரல் நீளம். மூலையில நூலு தொங்குது. ஏழு அடுக்குல மூணு அடுக்கு ஊசியையே பாக்கல.

"வலிச்சிருக்கும் தரகரே, எனக்குத் தெரியும். ஆனா வலிக்கு வெலை போட முடியாது, வேலைக்குத்தான் போட முடியும். அரிசித் தையல் போட்டிருந்தா உங்களுக்கும் ஒம்பதுதான்"னு சொல்லிட்டு, நாலு பேருக்கும் கேக்குற மாதிரி வாய்விட்டுச் சொன்னா. "இது நாலு பணம்."

அந்த நாலு மட்டும் சரியான நாலு. சாத்தப்பனே தலையாட்டிட்டு வாங்கிக்கிட்டான்.

இந்தக் கதை சொல்ற நீதி இதுதான்: நாலு பேரு முன்னால வாய்விட்டுச் சொல்லி, ஏன்னு கேட்டா கணக்கும் சொல்ல முடியுற வெலைதான் நியாயமான வெலை.